ஒரே விமான நிலையம், இரு நாட்டுக் கார்கள்: ஜெனீவா வழியில் ஒரு குடும்பத்தின் வாடகை கார் தேர்வு

ஜெனீவா விமான நிலையம் சுவிஸ் மண்ணில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது. ஓடுபாதைக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால், ஃபெர்னே-வோல்தேர் என்ற பிரெஞ்சுச் சிற்றூர் இருக்கிறது. இந்த அமைப்பின் காரணமாக விமான நிலையக் கட்டடத்துக்குள்ளேயே ‘பிரான்ஸ் பகுதி’ என்று ஒரு தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து ஃபெர்னேக்கு வேலியிட்ட சுங்கச் சாலை ஒன்று செல்கிறது; கட்டணம் வாங்கும் சாலையன்று, எல்லைச் சுங்கத்துக்காகப் பிரித்துவைத்த தனிச் சாலை. அதில் ஏறியவர் பிரான்ஸில்தான் இறங்க முடியும், இடையில் சுவிட்சர்லாந்துக்குள் திரும்ப வழியில்லை. பன்னாட்டு வாடகை கார் நிறுவனங்கள் பலவும் சுவிஸ் பக்கத்தில் ஒன்றும் பிரான்ஸ் பகுதியில் ஒன்றுமாக இரண்டு கவுன்ட்டர்களை வைத்திருக்கின்றன. பெயர்ப்பலகை ஒன்றாகவே இருந்தாலும் ஒப்பந்தம், நாணயம், வரி, எண் பலகை, வண்டியைத் திருப்பிக் கொடுக்க வரவேண்டிய சாலை ஆகிய எல்லாமே இரண்டுக்கும் வேறு வேறு. முன்பதிவுத் தளங்களில் இவை இரண்டும் அடுத்தடுத்த வரிகளாக மட்டுமே தெரிவதால், விலையைப் பார்த்து ஒன்றைச் சொடுக்கிவிடுவது மிக எளிது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது திருச்சியிலிருந்து மே மாதத்தில் புறப்படத் திட்டமிட்ட ஒரு குடும்பத்தின் பயணம். கணவன், மனைவி, பதினோரு வயது மகள், முழங்கால் வலியுள்ள பாட்டி என நான்கு பேர். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி, இரவு முழுக்கப் பறந்து, காலையில் ஜெனீவாவில் இறங்குவதும், முதல் சில நாள்கள் பிரான்ஸின் அன்னெசி ஏரியிலும் ஷமோனியிலும் கழித்துவிட்டு, பிறகு சுவிட்சர்லாந்தின் லாவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்குச் செல்வதும், மீண்டும் ஜெனீவாவிலிருந்தே ஊர் திரும்புவதும் அவர்களுடைய முதல் திட்டம். முழுப் பயணத்துக்கும் ஒரே காரை எடுப்பதாக இருந்தார்கள். என்னிடம் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சுவிஸ் கவுன்ட்டரில் எடுப்பதா, பிரான்ஸ் கவுன்ட்டரில் எடுப்பதா? இறுதியில் வந்த விடையோ இரண்டுமல்லாத மூன்றாவது இடம். அது எப்படி வந்தது என்பதை விரிவாகப் பதிவு செய்வதற்குக் காரணம், இதே இரண்டு வரிகளுக்கு முன்னால் திகைத்து நிற்கும் தமிழ்க் குடும்பங்களை நான் தொடர்ந்து பார்த்துவருவதுதான்.

முதலில் விலை. பிரான்ஸில் மதிப்புக் கூட்டு வரி 20 விழுக்காடு. சுவிட்சர்லாந்தில் 2024 முதல் 8.1 விழுக்காடு. வரியை மட்டும் பார்த்தால் சுவிஸ் பக்கம்தான் மலிவாக இருக்கவேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் பிரான்ஸ் பகுதியின் வாடகையே குறைவாக வருகிறது. சுவிட்சர்லாந்தில் கூலி, இடவாடகை, பராமரிப்புச் செலவு எல்லாமே உயர்ந்தவை என்பதால் வரியின் சாதகம் அதில் கரைந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டதும் குடும்பத் தலைவர் பிரான்ஸ் கவுன்ட்டரைத் தேர்ந்தெடுக்கும் முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டார். ஆனால் திரையில் தெரிந்த அந்த வாடகையில் அடங்காத சில செலவுகள் இருந்தன.

அவற்றுள் முதலாவது சுவிஸ் நெடுஞ்சாலை வில்லை. ‘விக்னெட்’ எனப்படும் இந்த ஆண்டுக் கட்டணம் 1985 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-லிருந்து அது 40 ஃபிராங்க். ஒரு நாள் ஓட்டினாலும் ஓராண்டு ஓட்டினாலும் கட்டணம் ஒன்றே. வில்லையின்றி நெடுஞ்சாலையில் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதத்துடன் வில்லையின் விலையையும் செலுத்தவேண்டும். சுவிஸ் கவுன்ட்டரில் எடுக்கும் வண்டியில் வில்லை இருக்கும். பிரான்ஸ் கவுன்ட்டரின் வண்டியில் அது இருக்குமென்று நம்ப முடியாது. முன்பு வாடகைக்கு எடுத்த யாராவது வாங்கி ஒட்டியிருந்தால் அது நமது அதிர்ஷ்டம். 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு வில்லையும் கிடைப்பதால் எண் பலகையைக் குறிப்பிட்டு இணையத்திலேயே வாங்கிவிடலாம். ஆனால் வாடகை காரின் எண் சாவி கைக்கு வரும்போதுதான் தெரியும் என்பதால், ஊரிலிருந்தே இதை முடித்துவைக்க இயலாது; கார் நிறுத்தத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் செய்யவேண்டிய வேலை இது.

இரண்டாவது, குழந்தை இருக்கை. பிரான்ஸில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே தனி இருக்கை கட்டாயம். சுவிட்சர்லாந்தில் பன்னிரண்டு வயது வரை, அல்லது 150 செ.மீ. உயரத்தை எட்டும் வரை, அது தேவை. பதினோரு வயதான மகள் 150 செ.மீ.-க்குக் குறைவான உயரம். ஆகவே அன்னெசியில் சட்டப்படி பெல்ட் மட்டும் போட்டு உட்காரக்கூடிய அதே பெண்ணுக்கு, அதே கார் எல்லையைத் தாண்டியதும், உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் இருக்கை தேவைப்படும். பிரெஞ்சுக் கவுன்ட்டரில் வயதைக் கேட்டுவிட்டு ‘வேண்டியதில்லை’ என்று சொல்வார்களேயானால் அது அவர்கள் நாட்டைப் பொறுத்தவரை சரியான பதில்தான். வாடகை இருக்கைக்கு நாள்கணக்கில் கட்டணம் உண்டு என்பதால், மடக்கக்கூடிய பூஸ்டர் ஒன்றை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லலாம் என்ற யோசனையை அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, குளிர்காலச் சக்கரங்கள், அதாவது பனிச்சாலைக்கான டயர்கள். மே மாதப் பயணத்துக்கு இது பொருந்தாது என்றாலும், டிசம்பர் விடுமுறையில் செல்வோருக்கு இதுவே தலையாய செய்தி. பிரான்ஸில் 2021 முதல், நவம்பர் 1 தொடங்கி மார்ச் 31 வரை, குறிப்பிட்ட மலைப்பகுதிகளில் செல்லும் கார்களில் குளிர்காலச் சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கவேண்டும், அல்லது பனிச்சங்கிலி வண்டியில் இருக்கவேண்டும். சுவிஸ் பக்கத்து வாடகை வண்டிகளில் குளிர்காலத்தில் அத்தகைய சக்கரங்கள் பொதுவாகவே போடப்பட்டிருக்கும். பிரான்ஸ் பகுதியிலோ அவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனங்களும், சங்கிலியைக் கையில் கொடுத்து அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. பனியையே பார்த்திராத ஒருவர் மலைச்சாலையோரத்தில் மண்டியிட்டுச் சங்கிலி மாட்டப் பழகுவது விடுமுறைக்குரிய வேலையன்று. ஜனவரியில் யாராவது கேட்டால், விலை கூடினாலும் சுவிஸ் கவுன்ட்டரையே நான் பரிந்துரைப்பேன்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்த பிறகும் பிரான்ஸ் பகுதியே சற்று மலிவாக இருந்தது. தீர்ப்பை மாற்றியது பணமன்று. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் வழி.

சுவிட்சர்லாந்து 2008 இறுதியில் ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்தது. விமான நிலையங்களுக்கு அது 2009 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஒரே விசாவில் இரு நாடுகளுக்கும் செல்லலாம் என்ற வசதி அதிலிருந்து வந்ததே. ஆனால் சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கக் கூட்டமைப்பில் இல்லை. மனிதர்களுக்கு எல்லை மெலிந்துவிட்டாலும் பொருள்களுக்கு அது அப்படியே இருக்கிறது. காரும் ஒரு பொருள்தான். பிரான்ஸ் பகுதி தனியாக இருப்பதும், அதன் சாலை வேலியிடப்பட்டிருப்பதும், பிரான்ஸ் பகுதியில் எடுத்த வண்டியை சுவிஸ் பக்கத்தில் விட்டால் நாடு மாற்றி விட்டதாகக் கணக்கிடப்படுவதும் இதன் விளைவுகளே. நாடு மாற்றி விடுவதற்கான கட்டணம் குறுகிய பயணங்களில் வாடகைத் தொகையையே எட்டிவிடக்கூடும். இரண்டு கவுன்ட்டர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் எங்கே விட்டால் என்ன என்று எண்ணத் தோன்றும். ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை இவை இரண்டுக்கும் நடுவே ஒரு நாட்டெல்லை ஓடுகிறது.

சாலையைப் பொறுத்தவரையும் அப்படித்தான். வழிகாட்டிச் செயலியில் ‘ஜெனீவா விமான நிலையம்’ என்று மட்டும் உள்ளிட்டால் அது சுவிஸ் பக்கத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கிருந்து பிரான்ஸ் பகுதிக் கார் நிறுத்தம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் வண்டியால் அங்கே போக முடியாது. வெளியே வந்து, எல்லையைக் கடந்து ஃபெர்னேக்குப் போய், அங்கே பிரான்ஸ் பகுதி என்று குறிக்கும் பலகையைப் பிடித்து, சுங்கச் சாலையில் நுழைந்தால்தான் அந்த நிறுத்தத்தை அடையலாம். விமானத்துக்கு இரண்டு மணி நேரமே இருக்கையில் இந்தச் சுற்றை மாலை நேர நெரிசலில் கண்டுபிடிப்பது எவ்வளவு பதற்றமான காரியம் என்பதை விளக்கவேண்டியதில்லை. எரிபொருளையும் ஃபெர்னேயிலேயே நிரப்பிக்கொள்ளவேண்டும். சுங்கச் சாலையில் ஏறிய பிறகு அதற்கு வாய்ப்பில்லை.

இதைப் போன்ற இன்னொரு விமான நிலையமும் அதே இரு நாடுகளின் எல்லையை ஒட்டி இருக்கிறது. பாசல்-முல்ஹவுஸ் விமான நிலையம் முழுக்கப் பிரெஞ்சு மண்ணில் இருந்தாலும் 1949-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி சுவிட்சர்லாந்துக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. அங்கிருந்து பாசல் நகருக்குச் சுங்கச் சாலை செல்கிறது. ஜெனீவாவின் ஏற்பாட்டை இடம் வலமாகத் திருப்பிப்போட்டது போன்றது அது. அங்கே முன்பதிவுத் தளங்கள் பி.எஸ்.எல். என்ற குறியீட்டைச் சுவிஸ் பகுதிக்கும் எம்.எல்.எச். என்பதைப் பிரான்ஸ் பகுதிக்கும் பயன்படுத்துவதால் குழப்பம் சற்றுக் குறைவு. ஜெனீவாவுக்கு ஒரே குறியீடுதான். முகவரி வரியைப் படித்தாலன்றி வேறுபாடு புலப்படாது.

திருச்சிக் குடும்பத்தின் திட்டத்துக்கு வருவோம். கார் எங்கெங்கே போகப்போகிறது என்று கேட்பதற்கு முன்னால், அது எங்கெங்கே சும்மா நிற்கப்போகிறது என்று கேட்டதுதான் திருப்பமாக அமைந்தது. லாவுட்டர்புருன்னனில் அவர்கள் பார்க்க விரும்பிய வென்கன், மியூரன் ஆகிய இரண்டு ஊர்களும் கார்கள் செல்ல முடியாதவை. மலை ரயிலிலோ கம்பிவட வண்டியிலோதான் ஏறவேண்டும். அதாவது நாள் வாடகையும் நிறுத்தக் கட்டணமும் கட்டிய கார் பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும். குடும்பம் தனியாக டிக்கெட் வாங்கி மேலே போகும். சுவிஸ் டிராவல் பாஸ் போன்ற பயண அட்டை வைத்திருக்கும் பெற்றோருடன் செல்லும் பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குடும்ப அட்டை இலவசம் என்பதால், அதை எடுத்தால் மகளுக்கான கட்டணமும் இல்லை. அன்னெசி, ஷமோனி வட்டாரத்தில் நிலைமை வேறு. ஏரியைச் சுற்றியுள்ள சிற்றூர்கள், மலைக்கணவாய்கள், நினைத்த இடத்தில் பாட்டியை இறக்கி அமரவைக்கும் வசதி ஆகிய எல்லாவற்றுக்கும் அங்கே கார் உண்மையிலேயே உதவும். ஆகவே கார் பிரான்ஸுக்கு மட்டும், சுவிட்சர்லாந்துக்கு ரயில் என்று முடிவாயிற்று.

அடுத்து, வரிசையைத் திருப்பினார்கள். முதலில் சுவிட்சர்லாந்து, பிறகு பிரான்ஸ். இதை நான் வற்புறுத்தியதற்கு ஒரே காரணம் களைப்பு. இரவு முழுக்கத் தூங்காமல் வந்து இறங்கியவர், வாழ்நாள் முழுக்கச் சாலையின் இடப்பக்கமாக ஓட்டிப் பழகியவர், இறங்கிய ஒரு மணி நேரத்தில் ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள வண்டியில் வலப்பக்கமாக ஓட்டத் தொடங்குவது எனக்கு ஏற்புடையதன்று. விமான நிலையத்தில் கார் எடுப்பதன் பெரிய வசதி என்று சொல்லப்படுவதே, அதாவது இறங்கியவுடன் சாவி கைக்கு வருவதே, தொலைதூரப் பயணிக்கு அதன் பெரிய குறையும்கூட. ஜெனீவா விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருப்பதால், பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நேராக நடைமேடைக்கு இறங்கிவிடலாம்.

இனி காரை எங்கே எடுப்பது என்பது மட்டுமே எஞ்சியது. சுவிட்சர்லாந்திலிருந்து ரயிலில் ஜெனீவாவுக்குத் திரும்பி வந்து, விமான நிலையத்தின் பிரான்ஸ் பகுதிக்குப் போவது ஒரு வழி. ஆனால் ரயிலில் வருபவர் சுவிஸ் பக்கத்துக்குத்தான் வந்து சேர்கிறார்; அங்கிருந்து கட்டடத்துக்குள்ளேயே சுங்கச் சோதனையைக் கடந்து பிரான்ஸ் பகுதிக்கு நடக்கவேண்டும். இதற்கு வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது. பெட்டிகளோடும் முழங்கால் வலியோடும் இந்த நடை இனிமையாக இராது. இன்னொரு வழி, 2019 டிசம்பர் முதல் ஓடும் ‘லேமான் எக்ஸ்பிரஸ்’ ரயிலில் ஜெனீவாவிலிருந்து அன்னெசிக்கே போய்விடுவது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். நெரிசலும் இல்லை, எல்லைச் சாலையும் இல்லை. அன்னெசியில் இறங்கி, ரயில் நிலையத்தை ஒட்டிய அலுவலகத்தில் காரை எடுக்கலாம்.

இங்கேதான் பிரான்ஸ் பகுதியின் உண்மையான பயன் வெளிப்பட்டது. அன்னெசி பிரான்ஸ், ஜெனீவாவின் பிரான்ஸ் பகுதியும் ஒப்பந்தக் கணக்கில் பிரான்ஸ். ஆகவே அன்னெசியில் எடுத்த காரை விமான நிலையத்தின் பிரான்ஸ் பகுதியில் விட்டால் அது உள்நாட்டிலேயே ஓர் ஊரில் எடுத்து மற்றோர் ஊரில் விடுவதாகிறது. நாடு மாற்றும் கட்டணம் எழவில்லை. காரை எடுக்க ஏற்ற இடமாகத் தோன்றாத பிரான்ஸ் பகுதி, விடுவதற்கு மிகப் பொருத்தமான இடமாக அமைந்தது. விலைப்பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் இந்தச் சேர்க்கை கண்ணில் பட்டிருக்காது. எடுக்கும் இடம், விடும் இடம் என்ற இரண்டு பெட்டிகளிலும் தனித்தனியாக ஊர்களை மாற்றிப் பார்த்தபோதே அது தெரிந்தது.

இந்தத் தேர்வுக்கும் ஒரு விலை இருந்தது. சிற்றூர் அலுவலகங்களின் வேலை நேரம் விமான நிலையங்களைப் போன்றதன்று. பிரான்ஸில் இத்தகைய அலுவலகங்கள் நண்பகலில் இரண்டு மணி நேரம் மூடப்படுவதும், சனிக்கிழமை பிற்பகலோடு வேலையை முடித்துக்கொள்வதும், ஞாயிறன்று திறக்காமலே இருப்பதும் வழக்கமானவை. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை விழும் மே மாதமோ பிரான்ஸில் பொது விடுமுறைகள் நெருங்கி வரும் மாதம்: மே 1, மே 8, பெரும்பாலும் அதே மாதத்தில் வரும் இயேசு விண்ணேற்ற வியாழன். குடும்பத்தின் முதல் நாள்காட்டியில் கார் எடுக்கும் நாள் இத்தகைய ஒரு விடுமுறையில் விழுந்திருந்தது. அதைக் கண்டு லாவுட்டர்புருன்னனில் ஓர் இரவைக் குறைத்துக்கொண்டார்கள். வெள்ளி மாலை அன்னெசியில் இறங்கி, அன்றிரவு பழைய நகரில் நடந்து திரிந்துவிட்டு, சனி காலையில் காரை எடுப்பதாக ஏற்பாடாயிற்று. பழைய நகரின் தெருக்களில் கார் ஓட்டவும் முடியாது, நிறுத்தவும் இடம் கிடைக்காது என்பதால் அந்த ஓர் இரவின் வாடகையும் மிச்சம்.

கியர் பற்றிய சிக்கல் இன்னொன்று. ஐரோப்பாவில் வாடகை வண்டிகள் இன்றும் பெருமளவு கையால் கியர் மாற்றுபவை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம். பெரிய விமான நிலையங்களில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் நிறைய இருக்கும். அன்னெசி போன்ற இடத்தில் ஒன்றிரண்டுதான் தேறும். நம்மூரில் கியர் வண்டி ஓட்டிப் பழகியவர்தானே என்று கணவர் முதலில் தயங்கினார். ஆனால் வலக்கையால் ஸ்டீயரிங்கையும் இடக்கையால் கியரையும் பிடித்துப் பழகியவருக்கு அங்கே கைகள் இடம் மாறுகின்றன. மலைச்சாலையில் அந்தப் பழக்கத்தைப் பெற முயல்வதைவிடக் கூடுதல் கட்டணம் மேல் என்பது என் கருத்து. முன்பதிவை இரண்டு மாதங்களுக்கு முன்பே செய்துவிட்டார்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை எந்தக் கவுன்ட்டரானாலும் தேவைகள் ஒன்றே. ஓட்டுநர் உரிமத்துடன் ஆர்.டி.ஓ. அலுவலகம் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும், முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டும் வேண்டும். அந்த அனுமதி ஓராண்டுக்கே செல்லும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்பதைப் புறப்படுமுன் பார்த்துவிடவேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிதாக வழங்கப்படும் கார்டுகளில் அது மூடியே வருகிறது, வங்கிச் செயலியில் நாமே திறக்கவேண்டும். டெபாசிட்டுக்காகப் பெருந்தொகை ஒன்று முடக்கப்படும் என்பதால் வரம்பும் போதுமானதாக இருக்கவேண்டும். கவுன்ட்டரில் ரூபாயில் கட்டலாமா என்று கேட்டால் மறுத்து, உள்ளூர் நாணயத்திலேயே கட்டுவது நலம்.

ஷமோனியிலிருந்து பிரான்ஸ் பகுதிக்குத் திரும்பும் வழியையும் முன்கூட்டியே முடிவு செய்தோம். ஏ40 நெடுஞ்சாலையில் வந்து, பார்டோனெக்ஸ் எல்லைச்சாவடியில் சுவிஸ் நெடுஞ்சாலைக்குள் நுழைந்து, ஜெனீவாவைச் சுற்றிக்கொண்டு ஃபெர்னேயை அடைவது விரைவான வழி. ஆனால் அதற்கு 40 ஃபிராங்க் வில்லை வேண்டும். வில்லை நெடுஞ்சாலைகளுக்கு மட்டுமே என்பதால் நகருக்குள் புகுந்து போகலாம். நெரிசலை முன்னிட்டு அதை ஒதுக்கினோம். மூன்றாவது வழி பிரெஞ்சு மண்ணை விட்டு வெளியேறாமல் மேற்கே சென்று, லெக்ளூஸ் கோட்டையின் அடியில் ரோன் ஆற்றைக் கடந்து, சேன்-ஜெனி-பூயி வழியாக ஃபெர்னேக்கு வருவது. நேரம் கூடும்; ஆனால் வில்லையும் வேண்டாம், மகளுக்குப் பூஸ்டர் பற்றிய கேள்வியும் எழாது, சுங்கக் கணக்கில் கார் ஒருமுறைகூட சுவிட்சர்லாந்துக்குள் நுழையாது. விமானம் பிற்பகலில் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தார்கள். செயலியில் விமான நிலையத்தின் பெயருக்குப் பதிலாக ஃபெர்னே-வோல்தேரை இலக்காக வைத்து, அங்கிருந்து பலகைகளைப் பின்பற்றுவது என்று ஏற்பாடு.

பெர்ன் நகரில் குடியிருக்கும் மனைவியின் அக்காள் குடும்பம் கடைசி நேரத்தில் ஒரு யோசனை சொன்னது: அத்தான் அன்னெசிக்கு வந்து காரை ஓட்டட்டும், எல்லோரும் ஒருநாள் பெர்னுக்கும் போய் வரலாம் என்று. கூடுதல் ஓட்டுநராக ஒருவரைச் சேர்ப்பதில் வாடகை நிறுவனத்துக்குத் தடையில்லை. தடை சுங்கத்திடமிருந்து வருகிறது. சுவிட்சர்லாந்தில் குடியிருப்பவர் வரி செலுத்தப்படாத அயல்நாட்டு எண் பலகை வண்டியைத் தம் நாட்டுக்குள் ஓட்டுவது சுங்கத் துறையின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. இந்தியாவிலிருந்து சுற்றுலாவாக வருபவரை அக்கட்டுப்பாடு தொடுவதில்லை. ஒரே காரில், ஒரே சாலையில், ஓட்டுபவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் ஈழத்தமிழர் குடும்பங்களிடம் விருந்தினராகச் செல்வோர் பலரும் இதை எதிர்பார்ப்பதில்லை. அத்தான் ரயிலில் அன்னெசிக்கு வந்து பயணத்தில் கலந்துகொண்டார். ஸ்டீயரிங் திருச்சிக்காரரிடமே இருந்தது. பெர்ன் சந்திப்பு லாவுட்டர்புருன்னனிலிருந்து ரயிலில் திரும்பும் நாளுக்கு மாற்றப்பட்டது.